சித்தப்பாவின் பொய் வாக்குமூலம்

நான் தனியாக ஊர் சுற்றக் கிளம்பிய அன்றுதான் சித்திக்கு அந்த போன் வந்தது. ரயில் நிலைய மேடையில் என் பெட்டிமேல் உட்கார்ந்து, என் துப்பட்டா நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசியவர் மருத்துவமனை நர்ஸ். சித்தி எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள் என்பதால் மேடையில் பாதிப் பேருக்கும் விஷயம் தெரிந்துபோனது. கருப்பை வாயில் எடுத்த செல்களில் சில மாற்றங்கள் இருக்கின்றன. ஒரு வைரஸ் தொற்றும் இருக்கிறது. புற்றுநோய் என்று அர்த்தமில்லை, ஆனால் தள்ளிப்போடாமல் அடுத்த பரிசோதனைக்கு வரவேண்டும்.

வைரஸ் எப்படி வரும் என்று சித்தி கேட்டாள். உடலுறவில்தான் என்றார் நர்ஸ். பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் பக்கத்தைப் புரட்டாமல் அப்படியே நின்றார். சித்தி போனை வைத்துவிட்டு, எனக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்த சித்தப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். ரயில் நகர்ந்தது. விஷயமே தெரியாமல் சித்தப்பா எனக்குச் சிரித்துக்கொண்டே கையாட்டினார். பாவம், அவர் சிரித்தது அதுதான் கடைசி. பிறகு ரொம்ப நாளைக்குச் சிரிக்கவே இல்லை.

சித்தி டிரை கிளீனிங் கடை நடத்துகிறவள். கறையைப் பார்த்தாலே பூர்வீகம் சொல்லிவிடுவாள். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் சட்டைத் தோளில் சிவப்புத் தடத்தோடு, வீட்டில் நடந்த சண்டையோடு வந்து நின்றார். அது உதட்டுச்சாயம் இல்லை, பேனா மை என்று சித்தியே அவர் மனைவிக்கு போன் போட்டுச் சொல்லிக் குடும்பத்தைச் சேர்த்துவைத்தாள். கறை எதிலிருந்து வந்தது என்று தெரியாமல் ஒரு துணியிலும் அவள் தண்ணீர் படவிட மாட்டாள். கை தவறினால் கறை நிலைத்துவிடும் என்பாள். கடையில் அது நல்ல பழக்கம்தான். அதையே தன் உடம்புக்கும் வைத்துக்கொண்டதுதான் வம்பு. வைரஸ் யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று தெரியும்வரை ஆஸ்பத்திரிப் படி ஏறப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். பாதி வாழ்க்கையை இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்கியபடி கழிக்கிறவர். அதிர்ந்து பேசத் தெரியாது. அவராகவே போய் டாக்டரைப் பார்த்து, கெஞ்சிக் கேட்டு, எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு வந்து சொன்னார். குற்றவாளி வக்கீல் வைத்துப் பேசுகிறார் என்றாள் சித்தி. நான் எந்த ஊரில் இருந்தாலும் இருவரும் தனித்தனியாக போன் செய்தார்கள். அவள் சாட்சி கேட்டாள். அவர் யோசனை கேட்டார். மாதங்கள் ஓடின. விட்டுவைத்தால் அந்த மாற்றம் மெல்ல மெல்லப் புற்றுநோயாகலாம் என்று டாக்டர் சொன்னது அவர் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன், அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெண்ணோடு பழக்கம் இருந்ததாகச் சொன்னார். மார்க்கெட் பக்கத்துப் பழைய கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேருக்குப் போனபோது ஏற்பட்டதாம். சித்தி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"எந்த மாடி?"

"நாலாவது."

"அந்தக் கட்டடத்துல மூணு மாடிதாங்க."

சித்தப்பா சற்று யோசித்து, அவள் மொட்டை மாடியில் குடியிருந்தாள் என்றார். மொட்டை மாடிக்கு லிஃப்ட் போகுமா என்று கேட்டாள் சித்தி. போகாது. தொழில் விஷயத்தில் அவரால் பொய் சொல்ல முடியவில்லை. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தவர், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சொன்னார்: "நான் பண்ணலைன்னு சொன்னா நீ ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேங்கறே. அதான் பண்ணினேன்னு சொன்னேன். என்னை வீட்டை விட்டு வேணாலும் அனுப்பிடு. போய் ஒரு தடவை காட்டிட்டு வந்துடு."

சித்தி அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டர் வினிகர் மாதிரி ஒரு திரவத்தைத் தடவி, லென்ஸ் வழியாகப் பார்த்தார். மாறிப்போன இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும் என்றார். வாசனையை வைத்தே அது என்னவென்று கண்டுபிடித்துவிட்ட சித்தி, நம்ம கடையில கறை எடுக்கிற சாமான்தான் என்று நர்ஸிடம் பெருமையாகச் சொன்னாளாம். சதைத் துணுக்கு எடுத்து அனுப்பிய சோதனையில் இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, ஆனால் விட்டுவைக்கவும் கூடாது என்று வந்தது. பிறகு ஒருநாள் வரச்சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்தார்கள். அன்று மாலையே வீடு.

கிளம்பும்போது சித்தி டாக்டரிடம் விடாமல் கேட்டாள், யாரிடமிருந்து வந்தது என்று. அதை யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ரொம்பச் சாதாரணமான வைரஸ், நிறையப் பேருக்கு வந்து தானாகவே போய்விடும், சிலரிடம் சத்தமே இல்லாமல் வருஷக்கணக்கில் தங்கிவிடும், இவர் மூலமாகவும் வந்திருக்கலாம், கல்யாணத்துக்கு முன்னாடியே உங்களுக்கும் வந்திருக்கலாம் என்றார். சித்தப்பா மெதுவாகத் தலையைத் திருப்பி சித்தியைப் பார்த்தார்.

"என்ன பார்வை? நடங்க" என்றாள் சித்தி.

அதற்கு மேல் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

நான் சுற்றி முடித்துத் திரும்பி, வேறொரு நகரத்தில் வாடகை அறையில் இருந்தபோது சித்தியின் குரல் செய்தி வந்தது. பின்னால் நீராவி சீறியது. "மறுபடி டெஸ்ட் பண்ணினதுல ஒண்ணும் இல்லையாம். வைரஸும் போயிடுச்சாம். இன்னும் கொஞ்ச வருஷம் விடாம வந்து காட்டணும்னாங்க, காட்டுவேன். இப்ப உன் கதைக்கு வரேன். ஊர் ஊரா சுத்திட்டு வந்திருக்கே. நீயும் போய் ஒரு தடவை காட்டிக்க." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "யாரு, என்னன்னு நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."