தராசு அக்கா மாட்டிய விசிறி

விமானங்களைப் பழுதுபார்க்கும் எங்கள் ஹேங்கரில் அவரைத் தராசு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சின்ன ஜெட் விமானங்களின் இஞ்சினுக்கு முன்னால் பெரிய விசிறி ஒன்று இருக்கும். அதன் பிளேடுகள் பார்க்க ஒன்றுபோலவே இருந்தாலும் எடையில் மயிரிழை வித்தியாசம் உண்டு. கனமான பிளேடுக்கு நேர் எதிரே அதே கனமுள்ள இன்னொன்று உட்கார வேண்டும். இல்லாவிட்டால் சுற்றும்போது இஞ்சினே நடுங்கும். அக்கா ஒவ்வொன்றாக எடை போட்டு, இன்னதுக்கு இன்ன இடம் என்று குறித்து, தானே மாட்டுவார். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று வம்பளப்பவன் தொலைந்தான்.

அவர் மாட்டியதை ஓட்டிப் பார்ப்பவர் அவருடைய கணவர். எங்களுக்கு மாமா. விமானி இருக்கையில் உட்கார்ந்து, இஞ்சினை முழு வேகத்துக்கு ஏற்றி, அதிர்வு எவ்வளவு என்று மீட்டரைப் பார்த்துச் சொல்வார். அக்காவின் விசிறி என்றால் முள் அசைகிறதா என்றே சந்தேகம் வரும். "அதிர்வெல்லாம் வீட்டுலதாம்பா" என்பார் மாமா, அக்காவுக்குக் கேட்காத தூரத்தில்.

அன்று ஒரு தொழிலதிபரின் விமானம். சாயங்காலம், எங்கள் வேலையைச் சரிபார்க்கும் இன்ஸ்பெக்டர் பதவி யாருக்கு என்று அறிவிப்பதாக இருந்தது. அக்காவுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அக்காவுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை.

மாமா இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். முகம் சரியில்லை. அதிர்வு கொஞ்சம் ஏறியிருந்தது, ஆனாலும் அனுமதித்த அளவுக்குள்தான்.

"அப்புறம் என்ன, அனுப்பிடலாமே" என்றார் மேனேஜர்.

"வேண்டாம் சார். கழட்டிப் பாக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதவி அறிவிக்கிற நாளில் போய் பெண்டாட்டி வேலையில் குறை சொல்வார்களா? சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். அக்கா ஸ்பேனரை எடுத்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

கழற்றிப் பார்த்தால், அடுத்தடுத்த பிளேடுகள் இரண்டு இடம் மாறி உட்கார்ந்திருந்தன. மாட்டியவர் அக்காவேதான். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்லப்போய், "நான் யானையா?" என்று நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "என் தப்புதான் சார்" என்று மேனேஜரிடம் அவரே சொன்னார். மாற்றி மாட்டி மறுபடி ஓட்டியபோது முள் படுத்தே கிடந்தது. விமானம் கிளம்பிப் போனது.

பதவியும் போனது. "இந்தத் தடவை வேண்டாம், அடுத்த தடவை பாக்கலாம்" என்றார் மேனேஜர். அப்படியே அனுப்பச் சொன்ன மகராசன் இவர்!

கம்பெனி பஸ்ஸில் இருவரும் எப்போதும்போல் ஒரே சீட்டில். நான் பின்சீட்டு. ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

அக்கா கேட்டார்: "அதே அளவு வேற யார் மாட்டின விசிறியில வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன்."

"அப்போ என்மேலதான் நம்பிக்கை இல்ல."

"உன் வேலைன்னா முள்ளு அவ்வளவு ஏறாதுன்னு எனக்குத் தெரியாதா? அதான் கழட்டச் சொன்னேன்."

கொஞ்ச தூரம் போனதும் அக்கா மாமாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அவர்கள் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்தார். மாமா தோளை அசைக்காமல், 'நீங்க போங்க' என்று கையை மட்டும் ஆட்டினார்.