நாக்கில் வைத்துப் பார்த்த செங்கல்

காலை 6.45. மட்டக்களப்பில் கல்முனை பஸ் ஏறினேன். ஆரையம்பதிக்கு எட்டுக் கிலோமீற்றர், பத்து ரூபாய். சுனாமி வந்து ஒன்பது மாதம் கழிந்திருந்தது. கல்லடிப் பாலத்துச் சோதனைச்சாவடியில் எல்லோரும் இறங்கி நடந்தோம். என் பையிலிருந்த அளவுநாடாவை இழுத்து இழுத்துப் பார்த்த சிப்பாய்க்கு அதைத் திருப்பித் தர மனமில்லை.

“கெதியா வாங்க அக்கா, பாலத்த அளந்து முடிச்சிட்டா வாறீங்க?” என்று நடத்துனர் சத்தம் போட்டார்.

நான் வவுனியாவில் ஒரு கட்டட ஒப்பந்தகாரரின் கந்தோரில் கட்டடப் படம் கீறுகிறவள். நாங்கள் ஒரு சுவரை இடித்தால் உடைசல் முழுவதும் குளக்கட்டு ஓரத்துக்குத்தான் போகும். ஆரையம்பதியில் ஒரு மேசன் கடல் உடைத்த வீடுகளை வைத்தே புது வீடு கட்டுகிறார் என்று கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டு வந்தேன். நம்பி வந்தேன் என்று சொல்லமாட்டேன்.

8.00. அந்த மேசன் வீடு கட்டிக்கொடுக்கும் ரஞ்சி அக்காவின் வளவு. வீட்டுக்குச் சுவரும் கூரையும் முடிந்துவிட்டன. உள்ளே நிலத்தை நிரப்பிக் கொங்கிறீற் போட்டால் குடிபுகலாம். அதுவரை அவரும் இரண்டு பிள்ளைகளும் பக்கத்துத் தகரக் கொட்டிலில்தான்.

“நிரப்பிற கிறவல் மண் செங்கலடி ஊர்ப் பக்கமிருந்து வரோணும். லொறி கிடைக்க ஒரு மாசம் செல்லும். அதுக்குள்ள மழை வந்தா கொட்டிலுக்க முழங்கால் தண்ணி” என்றார்.

அதனால் நிரப்புவதற்கு, கடல் உடைத்த வீடுகளின் செங்கல் மூன்று கும்பமாகக் குவிந்து கிடந்தது. அதைப் போடலாமா கூடாதா என்று சொல்ல, தொழில்நுட்ப உத்தியோகத்தர் அன்று வருவதாக இருந்தது.

யோகராசா மேசன் ஒரு துண்டை எடுத்து நக்கினார். நான் முகத்தைச் சுளித்தேன்.

“உப்பு ஊறின கல்லப் போட்டா நிலம் மறுகா ஈரம் இழுத்துக்கிட்டே இருக்கும். அது ரோட்டுப் பள்ளத்துக்கு. மழையில கழுவுப்பட்டது வீட்டுக்கு. இந்தாங்க, பாருங்க.”

நானும் நக்கினேன். வாயெல்லாம் தூசி.

“ஒண்டும் தெரியேல்லையே!”

“அப்ப நல்ல கல்லு.”

11.20. மோட்டார் சைக்கிளில் வந்த உத்தியோகத்தர் கடுகடுப்பானவர். “நாக்க நம்பிக் கையெழுத்து வைக்கேலாது” என்றார்.

“நீங்களே ஒண்டு எடுத்துத் தாங்க சேர்.”

அவர் பெரிய கும்பத்தின் அடியிலிருந்து ஒரு துண்டை உருவினார். மேசன் நக்கினார். அக்காவைப் பார்த்தார். இன்னொரு முறை நக்கினார்.

“இது உப்புத்தான் சேர். அடியில தண்ணி இறங்கல்ல.”

அக்கா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. மனுசா, ஒரு சின்னப் பொய் சொன்னால் குறைந்தா போய்விடுவாய்!

உத்தியோகத்தர் மற்ற இரண்டு கும்பங்களிலும் ஒவ்வொரு துண்டு எடுத்துத் தானே நாக்கில் வைத்தார்.

“இந்த ரெண்டையும் போடுங்க. பெரியது வேணாம்” என்று சொல்லி, மோட்டார் சைக்கிள் சீற்றில் தாளை வைத்துக் கையெழுத்திட்டார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “ரெண்டு அறைய நிரப்ப இது காணும். குசினியப் பிறகு பாப்பம். சேர், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. வாயும் கழுவுப்படும்.”

கடுகடுப்பானவர் சிரித்தே விட்டார். எனக்கும் சந்தோசம் தாங்கவில்லை.

2.15. திரும்பும் பஸ். உடைசலைப் பிரிப்பதை ஒரு வாரத்தில் எங்கள் ஆட்களுக்குப் பழக்கிவிடலாம். வேலை கெடும் என்று தெரிந்தும் “இது உப்பு” என்று சொல்ல எங்கள் கந்தோரில் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். என்னையும் சேர்த்துத்தான். கல்லடிப் பாலம் தாண்டியும் ஒரு பெயர் அகப்படவில்லை.