ஒரு டின் அரிசியின் எடை

எங்கள் தீவு நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த அந்த வருடம் நான் யாரையும் நம்பவில்லை. எங்கள் ஊர் லோவுவில் ஒவ்வொரு குடும்பமாக நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. போகிறவர்கள் மூச்சு விடுவதில்லை. நேற்றுவரை கரும்பு வெட்டியவர் வீட்டில் இன்று பூட்டுத் தொங்கும். அதனால் என் ஓரகத்தி லௌடோகாவிலிருந்து சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி வந்ததும் எனக்குப் பொறி தட்டியது.

என் கணவரின் அண்ணன் மனைவி அவள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. எங்களுக்கு அளவு என்றால் காலிப் பால் டின்தான். அரிசி, பருப்பு, மாவு எல்லாவற்றுக்கும் அதே டின். அரிசி அளக்கும்போது மட்டும் ஒவ்வொரு டின்னிலிருந்தும் ஒரு பிடியைத் திரும்ப அரிசி டிரம்மில் போடுவோம். வீட்டில் அரிசி வற்றக் கூடாதென்று மாமியார் வைத்த வழக்கம். கை தானாகச் செய்துவிடும்.

இப்போது அவள் டின் டின்னாக நிறுத்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டால் நோட்டு மாவு டப்பாவுக்குப் பின்னால் போய்விடும்.

"என்னக்கா எழுதுற?"

"ஒண்ணுமில்ல, சும்மா."

சும்மா யாராவது பருப்பை நிறுப்பார்களா? அடுப்பைப் பிரிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். சிகடோகாவிலிருக்கும் என் தாய்வீட்டுக்கு நான் அரிசி கடத்துவதாகச் சந்தேகமோ என்றும் நினைத்தேன். இந்தி பேசி வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் புரியாது. இரகசியம் பேசத்தான் எங்கள் இருவருக்கும் தமிழ். என்னிடமே இரகசியமா?

டாக்டரைப் பார்க்க என்று சொல்லி அவளும் அவள் புருஷனும் தலைநகர் சுவாவுக்குப் போன நாளில் நோட்டை எடுத்தேன். அரிசிக்கு ஒரு எடை, மாவுக்கு ஒரு எடை, பருப்புக்கு ஒரு எடை. ஒரே டின் எப்படி மூன்று எடை காட்டும்? அதுவே திருட்டுத்தனமாகப் பட்டது. நானும் நிறுத்தேன். மாவு லேசுதான், பருப்பும் சரிதான். அரிசி மட்டும் இருநூற்றைம்பது கிராம் வந்தது. அவள் இருநூற்றுப் பத்து என்று எழுதியிருந்தாள்.

வந்ததும் வராததுமாகக் கேட்டேன். "ஏன்க்கா அரிசிய மட்டும் கொறச்சு எழுதியிருக்க?"

"ஒரு பிடி திருப்பிப் போடுவோம்ல, அதக் கழிச்சு எழுதுனேன். அங்க போனா இந்த டின் ஏது..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அங்கன்னா எங்க?"

ஆக்லாந்து. விசா வந்து மூன்று வாரமாகியிருந்தது. விமானம் ஏறும்வரை யாரிடமும் சொல்லக் கூடாதென்று அவள் புருஷன் சத்தியம் வாங்கியிருந்தார். அந்த மூன்று வாரமும் எனக்குச் சோறு போட்டவள் அவள்தான். கோபம் எனக்கு அடங்கவேயில்லை. கிளம்புகிற அன்று அந்த டின்னைக் கேட்டாள்.

"அதான் தராசு இருக்குல்ல," என்றேன். இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்துப் போன் வந்தது.

"தராசு மேலயே சந்தேகமா இருக்குடி. எழுதுன மாதிரிதான் நிறுக்கிறேன், சோறு பத்த மாட்டேங்குது. அவருக்கும் பிள்ளைங்களுக்கும் போட்டுட்டு நான் அரைவயித்தோட எழுந்திரிக்கிறேன்."

"நிறுத்தப்புறம் என்ன செய்யிற?"

"என்ன செய்வேன், ஒரு பிடிய எடுத்து..."

பிடியைக் கழித்துத்தான் எழுதியிருந்தாள். கை அங்கேயும் இன்னொரு பிடியைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை.

அந்த வாரமே டின்னைத் தேய்த்துக் கழுவித் தபாலில் போட்டேன். உள்ளே ஒரு பிடி அரிசி வைத்திருந்தேன். அந்த நாட்டுக்குள் அரிசியை விடமாட்டார்கள் என்று தபாலாபீஸில் சொன்னார்கள். கவுண்டரிலேயே அதை என் முந்தானையில் கொட்டிக்கொண்டு, வெறும் டின்னைத்தான் அனுப்பினேன்.