ரஜாய்க்குள் இருந்த மாவு

என் முழங்காலைத் தின்பது யார் என்று கண்டுபிடிக்க ஒரு குளிர்காலத்தையே செலவழித்தேன். அலுவலகத்தில் எனக்கு விஜிலன்ஸ் பிரிவு. இருபது வருடமாக அடுத்தவர் கோப்பில் கள்ளத்தைத் தேடிய மூக்கு, வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது.

முதலில் எங்கள் டில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் மாடிப்படி மேல் சந்தேகம். பிறகு தண்ணீர் மேல். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் இந்தியில், “மூட்டுத் தேய்மானம். குருத்தெலும்பை என்சைம் அரிக்கிறது” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்த என்சைம் எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. மறைக்கிறார் என்றே நினைத்தேன்.

டில்லியில் பிறந்த மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். போனைப் பார்த்து, “என்சைம்னா தமிழ்ல நொ... நொதி, அப்பா” என்றாள்.

நொதித்தல் என்றால் புளித்தல், பள்ளியில் படித்தது. என் பார்வை கட்டில் மூலைக்குப் போனது. குளிரில் இட்லி மாவு பொங்காது என்று மனைவி பாத்திரத்தை ரஜாயால், அந்தக் கனத்த பஞ்சுப் போர்வையால், போர்த்தி வைத்திருந்தாள். ஆள் அகப்பட்டாயிற்று.

“இனிமே எனக்குப் புளிச்ச மாவு வேண்டாம்.”

“மாவு என்ன பண்ணிச்சு?”

“மூட்டைத் தின்னுது. நீயும் தெரிஞ்சேதான் போடறியோ என்னமோ.”

கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் மாவு அரைப்பதையே நிறுத்திவிட்டாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய உளுந்து டப்பாவில் அப்படியே கிடந்தது. தினம் ரொட்டிதான். வலி மட்டும் குறையவில்லை.

அடுத்த முறை மகளையும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாவு விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் தாளில் படம் போட்டார். குருத்தெலும்பைக் கட்டுபவை அதற்குள் இருக்கும் செல்கள். பழசை வெட்டி எடுக்கும் என்சைமையும் பெரும்பாலும் அவையே சுரக்கின்றன. வெட்டுவது கட்டுவதை மிஞ்சினால் மூட்டு தேயும். சாப்பிடும் புளித்த மாவுக்கு இதில் வேலையே இல்லை.

“அச்சா, அப்ப கள்ளன் மூட்டுக்குள்ளயே இருக்கற வீட்டு ஆள்தான்பா” என்றாள் மகள்.

மனைவியிடம் எல்லாம் சொன்னேன். மாவு மேல் தப்பில்லை என்றேன்.

“என் மேல?”

இல்லை என்றேன். கொஞ்சம் தாமதமாக.

இரண்டு நாள் கழித்து ரஜாய்க்குள் பாத்திரம் திரும்பியது. மறுநாள் காலை எதிரெதிரே உட்கார்ந்தோம். இட்லியைப் பிட்டேன். பழக்கதோஷம், வாய்க்குக் கொண்டுபோகுமுன் முகர்ந்துவிட்டேன். அவள் பார்த்துவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் தன் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். என் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நான் பிட்ட இட்லியைச் சாப்பிட ஆரம்பித்தாள்.