நாறும் கைக்கே வண்டியில் இடம்

மாடித்தொட்டி அவரைக்கொடியில் கை வைத்தேன். பச்சை நாற்றப்பூச்சி ஒன்று நசுங்கியது. அந்த வாடை என்னை வெள்ளைக்காரன் காலத்துப் பூந்தமல்லிக்கே இழுத்துப் போய்விட்டது.

அங்கே அவரைப் பிஞ்சின் சாற்றை இந்தப் பூச்சிதான் உறிஞ்சும்; காய் சூம்பிப்போகும். விடியற்காலைப் பனியில் அது பறக்காது. அப்போது நானும் தங்கை ருக்குவும் ஆளுக்கொரு பந்தலில் பொறுக்கி, மண்ணெண்ணெய்ச் சட்டியில் போடவேண்டும். சந்தை நாளில் நைனா எங்கள் கைகளை மோந்து பார்ப்பார். அதிகம் நாறும் கைக்குத்தான் பட்டணம் போகும் மாட்டுவண்டியில் இடம்.

ஒவ்வொரு முறையும் ருக்குவே போனாள். "அண்ணாத்தே, உனுக்கு முட்டாய் எடுத்தாரேன்" என்பாள். எனக்கு வயிறு எரியும்.

பொறுக்க எனக்கு எப்போதும் சோம்பல். ஒரு சந்தை நாளில் மூன்றே பூச்சிகளை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு பந்தலடியில் தூங்கிவிட்டேன்.

நைனா மோந்தார், தும்மினார். "யப்பா, இன்னா நாத்தம்! நீயே ஏறுடா."

ருக்கு அழுதாள். நான் ராஜாபோல நைனா பக்கத்தில் உட்காரப் போனேன்.

"இங்க குந்தாதே, கொடல பொரட்டுது. பின்னால மூட்டைமேல குந்து."

வழியெல்லாம் திரும்பித் திரும்பிச் சொன்னார்: "அத்தினியும் ருக்கு பந்தல் காய்டா. ஒண்ணாச்சும் சூம்பிக் கீதா பாரு! உன் பந்தல்ல அறுக்கவே ஒண்ணும் இல்ல."

நைனாவோடு பட்டணம் போனது அன்றும் ருக்குதான். நான் அவள் காய்மேல் உட்கார்ந்து போனேன்.

இதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. அந்தச் சந்தோஷமும் அவளுக்கு எதற்கு?