காட்டுக்கு ஒரு பெரிய கத்தி: ரெட்டியார்பாளையத்தில் வாங்கிய கதை

போன மார்கழியில் கல்வராயன் மலையில் கூடாரம் போட்டிருந்தோம். விறகு பிளந்துகொண்டிருந்தபோது என் கத்தியின் அலகு பிடியைவிட்டுக் கழன்று பறந்து, மச்சான் குமரனின் கணுக்காலில் இறங்கியது. ஐந்து தையல். அடுத்த முறை ஒன்பது வயது மகளும் வருவேன் என்கிறாள். "நம்பி அனுப்பற மாதிரி ஒரு கத்தி வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று மனைவி சொல்லிவிட்டாள். அதற்காகத்தான் போன மாதம் ஒரு சனிக்கிழமை புதுச்சேரிக்குப் புறப்பட்டேன்.

விழுப்புரத்தில் காலை 7.40 பேருந்து. சுமார் நாற்பது கிலோமீட்டர், 35 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். கழன்ற கத்தியையும் துணியில் சுற்றிப் பைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஏமாற்ற நினைப்பவருக்குக் காட்ட ஒரு சாட்சி வேண்டாமா?

முதலில் ஊருக்குள் ஒரு கடை. எட்டங்குலக் கத்தி, 1,800 ரூபாய். "ஜப்பான் ஸ்டீல் சார், லைஃப் டைம் வரும்" என்றார் கடைக்காரர். யாருடைய லைஃப் டைம் என்று கேட்டேன், விலைச் சீட்டைத் திருப்பிக் காட்டினார். பிடிக்குள் இரும்பு கடைசிவரை ஓடுகிறதா என்றால், கத்தியைப் பார்க்காமலே "ஓடும், ஓடும்" என்கிறார். பாதியில் நின்றுவிட்ட இரும்பு, விறகில் நாலு அடி அடித்ததும் ஆட்டம் காணும். பெரிய கத்தி வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நானோ சூடு கண்ட பூனை. நடையைக் கட்டினேன்.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு மதாம், அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள அம்மா, வீட்டிலேயே கூடாரச் சாமான் விற்கிறார், கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா, அதாவது சிப்பாய், என்று நண்பர் சொல்லியிருந்தார். ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர், 150 ரூபாய். (விழுப்புரத்திலிருந்து வருகிறவர்கள் வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம்.) கத்தி வாங்கப் போகிறேன் என்றதும் ஓட்டுநர், "எவ்ளோ பெருசு சார்?" என்றார். கையை விரித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு சாலையைவிடக் கண்ணாடியில் என்னைத்தான் அதிகம் பார்த்தார். சுற்றி ஓட்டுகிறாரோ என்று நானும் அவரை விடவில்லை.

மதாமுக்கு நாற்பது வயதிருக்கும். "ஆதார் காட்டுங்க சார். பெரிய கத்தி எதுக்கு?" என்றுதான் ஆரம்பித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சந்தேகப்பட வந்தவன் நான்!

ஏழங்குல அலகு, ஐந்து மில்லிமீட்டர் கனம், 4,200 ரூபாய். முக்கால் மணி நேரம் தட்டினேன், அழுத்தினேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கடைசியில், "இந்தப் பிடி ஸ்க்ரூவைக் கழட்டி உள்ள காட்ட முடியுமா?" என்று கேட்டேன்.

"நோன், நோன்!" என்று பிரெஞ்சில் மறுத்தார் மதாம். "ஓரத்துல இரும்பு வெளியவே தெரியுதே. எதுக்குக் கழட்டணும்?"

பழைய கத்தியை எடுத்து மேசையில் வைத்தேன். "நம்பினதுக்குக் கெடச்ச பலன். ரெண்டு ஸ்க்ரூவும் விழுந்துடுச்சு. மட்டமான சரக்கு."

அலகையும் பிடியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல கத்தியாச்சே சார் இது. ஓட்டையச் சுத்திக் கீறலா இருக்கே, யாரு கழட்டனது?"

நான்தான். வாங்கிய அன்றே, இரும்பு கடைசிவரை ஓடுகிறதா என்று பார்க்கக் கழற்றினேன். சரியான திருப்புளி இல்லாததால் சமையல் கத்தியின் முனையால் திரும்ப முடுக்கினேன். இதை அவரிடம் சொல்லவேண்டியதாயிற்று. அந்தக் கம்பெனிக்கு இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் வேறு போட்டிருந்தேன். அவமானமாக இருந்தது.

"தரேன். ஆனா கழட்ட மாட்டேன்னு சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் மதாம். சொன்னேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு: ஆறிலிருந்து எட்டங்குலம் போதும். ஒன்பதைத் தாண்டினால் சட்டச் சிக்கல் வரலாம். பிடியின் ஓரத்தில் இரும்பு தெரிகிற கத்தியாகப் பாருங்கள். உறையோடு பைக்கு அடியில் வையுங்கள், ரசீதும் கூடவே இருக்கட்டும்.

திரும்பும் வழியெல்லாம், வீட்டில் சொல்லாமலே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். சொல்லாவிட்டால் மகள் வருவது உறுதி. ஆனால் குமரன் இன்னும் காலைச் சாய்த்துத்தான் படியேறுகிறான். அவனையும் வீட்டுக்கு வரச் சொல்லி, மனைவியிடமும் அவனிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். குமரன் குனிந்து கணுக்காலைத் தடவிக்கொண்டான். மனைவி புதுக் கத்தியை உருவி வெகுநேரம் பார்த்தாள்.

"கத்தி நல்லாத்தான் இருக்கு. பாப்பா போவட்டும்" என்றவள், அதை உறையில் போட்டுக் குமரன் பக்கம் நகர்த்தினாள். "இது மட்டும் உன் பையில இருக்கட்டும் தம்பி. மாமா கேட்டாலும் குடுக்காத."