நாச்சிமுத்து அண்ணன் முடித்த ஒரே பாட்டு

செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. குன்னூர் மார்க்கெட்டில் பீட்ரூட் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நாச்சிமுத்து விடியற்காலையில் மாரடைப்பில் காலமானார் என்று ஆபீஸ் குரூப்பில் யாரோ போட்டிருந்தார்கள், பக்கத்தில் எரியும் விளக்குப் படம் ஒன்று. நான் பையைக் கீழே வைப்பதற்குள் கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழ ஆரம்பித்தன. பிறகு குரூப்பில் நம் பழைய மேனேஜர் வந்தார். "ஒரு மாபெரும் இசைக் கலைஞரை இழந்துவிட்டோம். அவர் பிரிவு உபசார விழாவில் வாசித்த கிட்டார் இன்னும் என் காதில் ஒலிக்கிறது" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இதயங்கள். காய்க்காரம்மா "ஏனுங்க, ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்கும் அளவுக்கு என் முகம் மாறியிருந்தது. அது துக்கம் மட்டும் இல்லை.

நம் ஆபீஸ் வெளியிடும் 'ஊழியர் மலர்' இதழுக்காக அண்ணனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். கேட்லாக் பிரிவில் அவரோடு பல வருடம் இருந்தவள், சர்ச் கொயரில் கிட்டார் வாசிப்பவள், அவருக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் ஸ்டெல்லாதான் எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். ஆனால் அவரைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாச்சிமுத்து அண்ணன் கலைஞர் இல்லை. நான் பார்த்த மாணவர்களில் அவரைப் போல மோசமான ஆள் வேறு யாரும் கிடையாது. குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வாரம் கொயரில் சேர வந்து அடுத்த வாரம் மேடை கேட்கும் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

அவர் நம் ஆபீசின் சாம்பிள் ரூமைப் பார்த்துக்கொண்டவர். ஏலத்துக்கு வரும் தேயிலையை டேஸ்டர்கள் ருசி பார்ப்பதற்காகத் தயார் செய்வது அவர் வேலை. எல்லாச் சாம்பிளையும் ஒரே எடையில் போட்டு, ஒரே கொதிநீரை ஊற்றி, ஒரே அளவு ஊறவிட்டு, வரிசையாகக் கப்பில் வடித்துவைக்க வேண்டும். நடுவில் ஒரு கப்பில் கை தவறினாலும் அண்ணன் அந்த வரிசை முழுவதையும் சிங்க்கில் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். "அதை மட்டும் மறுபடி போட்டா அது சூடா இருக்கும், மத்ததெல்லாம் ஆறியிருக்கும். அப்பறம் எதை எதோட ஒப்பிடறது?" என்பார். டேஸ்டர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவருக்கு அதைப் பற்றிக் கவலையே கிடையாது.

ரிட்டயர் ஆவதற்கு மூன்று வருடம் இருக்கும்போது அவருக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. காரணம் நம் பிரிவு உபசார விழாக்கள். சால்வை, சுவர்க்கடிகாரம், மேனேஜர் பேச்சு, பிறகு போகிறவரின் ஏற்புரை. "ஆளுதான் அம்மிணி மாறுது, பேச்சு மாறவே இல்ல. இந்த ஆபீஸ் என் குடும்பம்னு ஒவ்வொருத்தரும் சொல்றாங்க. அடுத்த வாரம் சாமான் எடுக்க வந்தா நாற்காலி போடறதுக்கு ஆள் இல்ல" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். தன் முறை வரும்போது பேச மாட்டேன், ஒரே ஒரு பாட்டை முழுசாகக் கிட்டாரில் வாசித்துவிட்டு இறங்கிவிடுவேன் என்றார். அவர் சொன்ன வெறுப்பு நிஜம்தான். அதற்கு அடியில் பயமும் இருந்தது. நாலு பேர் சேர்ந்து தன்னைப் பார்த்தால் போதும், அண்ணனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். யூனியன் கூட்டத்தில் தன் பெயரைச் சொல்லவே தண்ணீர் குடித்த மனுஷன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சாம்பிள் டின்களுக்கு நடுவே வகுப்பு நடந்தது. முதல் மாதம் விரல்நுனி புண்ணாகிப் போனது என்று காட்டிக்காட்டிப் புலம்பினார். கொதிக்கும் கெட்டிலைத் துணி இல்லாமல் தூக்குகிற கை அது. கம்பிக்கு மட்டும் என்ன வலி என்று கேட்டேன். "கெட்டிலு என்னைப் பழிவாங்கறதில்லீங்" என்றார். மூடுபனி இறங்குகிற மாதங்களில் கிட்டார் ஒரு மணி நேரத்துக்குள் சுருதி இறங்கிவிடும். அதைக் காய வைக்கிறேன் என்று தண்ணீர் கொதிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தியதில் பின்பலகை ஒட்டு விட்டுப் போனது. ஒட்டிக் கொண்டுவந்தார். அதன் பிறகு அந்தக் கிட்டாருக்கும் ஜலதோஷம் பிடித்த குரல்தான்.

அவர் தேர்ந்தெடுத்தது எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய சினிமாப் பாட்டு. பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தப் பாட்டு இனியாவது நிம்மதியாக இருக்கட்டும். சி, ஜி, ஏ மைனர் என்கிற விரல்பிடிகள் மூன்றும் எப்படியோ தட்டுத்தடுமாறி வந்துவிட்டன. மூன்றாவது வரியில் எஃப் வரும். சுட்டுவிரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்கவைத்து அழுத்தி, மீதி விரல்களை அந்தந்த இடத்தில் ஊன்ற வேண்டும். கற்றுக்கொள்பவர்கள் எல்லோரும் அங்கே தடுக்கி விழுவார்கள், பிறகு எழுந்து போவார்கள். அண்ணன் விழுந்த இடத்திலிருந்து வாசலுக்குத் திரும்பிப் போய்விடுவார். எஃப் கரகரத்தால் உடனே நிறுத்திவிட்டு முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார். மறுபடி மூன்றாவது வரி, மறுபடி கரகரப்பு, மறுபடி முதல் வரி. மூன்று வருடத்தில் அந்தப் பாட்டின் இரண்டாம் பாதியை நான் அவர் கையிலிருந்து கேட்டதே இல்லை.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"தப்பு வந்தா வரட்டுங்கண்ணா. தாண்டிப் போங்க. கேக்கறவங்க அதை மறந்துருவாங்க."

"நான் மறக்கோணுமில்லீங்க அம்மிணி?"

"இது டீ இல்லீங்கண்ணா. பாட்டைச் சிங்க்குல கொட்ட முடியாது."

"ஒரு கப்பு கெட்டுப்போன வரிசையை எப்புடி அம்மிணி ஒருத்தன் முன்னால வெக்கறது?" என்றார். மனசு நொந்துதான் கேட்டார். எனக்கு அப்போது பரிதாபம் வரவில்லை. இந்த ஆளுக்கு மண்டையில் கெட்டில்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

உங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாம்பிள் ரூம் கதவிடுக்கில் போனை நீட்டிப் படம் எடுத்தவர்கள் நீங்கள்தான். அதற்கு வடிவேலு காமெடி போலச் சிரிப்புச் சத்தம் சேர்த்து இதே குரூப்பில் ஓட்டினீர்கள். இப்போது கும்பிட்ட கை போட்டவர்களில் அப்போது கண்ணீர் வரச் சிரிக்கும் முகம் போட்டவர்கள் யார் யார் என்று எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. அண்ணன் அந்தப் படத்தைப் பார்த்தார். "எஃப் சரியா புடிக்கலைங்கறது இதுல நல்லா தெரியுதுங்க" என்று மட்டும் சொன்னார். அதை என்னிடம் வாங்கித் தன் போனில் வைத்துக்கொண்டார், கை எங்கே தவறுகிறது என்று பார்ப்பதற்காக.

பிறகு அவருடைய விழா வந்தது. நம் ஆபீசில் குடும்பத்தைக் கூப்பிடும் வழக்கம் கிடையாது, கேக் பத்தாது என்பதால். தேயிலை விற்கும் ஆபீஸில் விழாவுக்கு டீ வெளியிலிருந்து கேனில் வரும். அந்த டீயைச் சாம்பிள் ரூம்காரர் கையிலேயே கொடுத்தார்கள். அவர் மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். மேனேஜர் பேசினார். அதற்கு முந்தின மாதம் வேறொருவருக்குப் பேசிய அதே பேச்சு, பெயரைக் கூட ஒரு தடவை மாற்ற மறந்தார். சால்வையும் கடிகாரமும் ஆனதும் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்தார்.

ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் எஃப் கரகரத்தது. நிறுத்தி, "மன்னிக்கோணுங்க" என்று சொல்லி, முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி கரகரத்தது. மறுபடி மன்னிக்கோணுங்க. பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. சமோசா ஆறிக்கொண்டிருந்தது. அப்போது மேனேஜர் எழுந்து நின்று, வாயெல்லாம் பல்லாகக் கைதட்ட ஆரம்பித்தார். அது பாராட்டு இல்லை. கறிக்கடை வாசலில் நாயை விரட்டுகிற சத்தம். நீங்கள் எல்லோரும் புரிந்துகொண்டு சேர்ந்து தட்டினீர்கள், பலமாக, பாட்டு செத்துப்போகும் வரைக்கும். தட்டி முடித்துத் தட்டுகளைப் பார்க்கப் போனீர்கள். அந்தக் கிட்டார்தான் இன்னும் மேனேஜர் காதில் ஒலிக்கிறதாம்.

அண்ணன் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கைதட்டல் ஓயும் வரை காத்திருந்தார். "இன்னும் முடியலீங்க" என்றார். யாருக்கும் கேட்கவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவது வரி வந்தது. எஃப் எப்போதும் போலக் கரகரத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அவர் நிற்கவில்லை. கரகரத்த எஃப்பை அப்படியே விட்டுவிட்டு நாலாவது வரிக்குப் போனார். நான் கண்ணைத் திறந்தேன். இரண்டாம் பாதி அவருக்குப் பழக்கமே இல்லாத காடு. தாளம் போனது, ஒரு வரி விட்டுப்போனது, கடைசிக் கம்பியைத் தவறான இடத்தில் தட்டினார். அதையும் திருத்தவில்லை. முடித்துவிட்டு எழுந்தார். யாரும் கைதட்டவில்லை. அவருக்கான கைதட்டலைத்தான் ஏற்கெனவே கொடுத்து முடித்துவிட்டீர்களே.

படியிறங்கும்போது, ஏன் திரும்ப ஆரம்பிக்கவில்லை என்று கேட்டேன்.

"ஊத்தியாச்சுங்க அம்மிணி. குடிக்கறவங்க குடிக்கட்டும்" என்றார். முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. ஆத்திரத்தில் அழுதது நான்தான்.

சாவு வீட்டுக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். மேனேஜர் மாலையோடு வந்து, அண்ணனின் வீட்டுக்காரம்மா கையைப் பிடித்து, "தெய்வீகமான வாசிப்புங்க" என்று சொல்லிவிட்டு ஷூவைத் தேடிப் போனார். அந்தம்மா அவர் போன வழியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள்.

"ஊட்டுல ஒரு நாளும் முழுசா வாசிச்சதே இல்லீங். பாதியில நிறுத்திப்போட்டு மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிப்பாரு. ஆபீஸ்ல மட்டும் கடைசி வரைக்கும் வாசிச்சேன்னு சொல்லுவாரு. எம் மனசு ஆறட்டும்னு பொய் சொல்றாருன்னு நெனச்சேன். நெசமாலுமே வாசிச்சாருங்களா?"

"வாசிச்சாருங்க்கா. கடைசி வரைக்கும்."

"இவுரு தெய்வீகம்ங்கறாரு. நீங்க சொல்லுங்க, நல்லா இருந்துதுங்களா?"

சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் நடுவில் படுத்திருந்தார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். சாவு வீட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியும்.

"இல்லீங்க்கா" என்றேன். "நெம்ப மோசம். எஃப் வரவே இல்ல. கடைசியும் தப்பு."

அந்தம்மா முகத்தை முந்தானையில் பொத்திக்கொண்டார்கள். தோள் குலுங்கியது. அழுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் முதுகைத் தடவினார்கள். துணியை எடுத்தபோது கண்ணீரோடு சிரிப்பும் இருந்தது.

"அப்ப நெசமாலுமே வாசிச்சிருக்காரு" என்றார்கள்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த மோசமான பாட்டைத்தான். தயவுசெய்து அதை நன்றாக இருந்தது என்று சொல்லி யாரும் அந்தம்மாவிடமிருந்தும் என்னிடமிருந்தும் பிடுங்கிக்கொள்ள வேண்டாம்.